மலையிலிருந்து கடலுக்கு ஓர் ஆற்றுப்படை

திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில், தெருக் கூட்டுகிறவர்களின் துடைப்ப ஓசையைத் தவிர வேறு அரவமே இல்லாத ஒரு நாழிகை உண்டு. முதல்நாள் இரவெல்லாம் பதினான்கு கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையை வெறுங்காலால் அளந்த ஜனசமுத்திரம் பஸ்களிலும் ரயில்களிலும் ஏறி வடிந்துபோக, 217 அடி உயரமுள்ள ராஜகோபுரத்தின் பதினொரு நிலைகளிலும் புறாக்கள் மாத்திரமே விழித்திருக்கும் அந்த நேரத்தில், பங்குனி மாதத்து நாளொன்றில், நாங்கள் மூன்று பேர் கிழக்கு நோக்கிப் புறப்பட்டோம். ஒருவர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் அவரைப் புலவர் என்றே அழைப்பார்கள். இன்னொருவர், வாடகைக் கார் ஓட்டுபவர். வேகத்தைப் பற்றி எங்களுக்கு நேர்மாறான அபிப்பிராயம் உள்ளவர். மூன்றாமவன் நான்.

இந்தப் பிரயாணத்துக்கு மூலகாரணம் ஒரு தொலைபேசிப் பேச்சு. கலிபோர்னியாவில் குடியேறிவிட்ட என் தங்கை மகன், சான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து தெற்கே பசிபிக் சமுத்திரத்தின் ஓரமாகவே செல்லும் சாலையில் தன் குடும்பத்தோடு நான்கு நாள் சாவகாசமாகக் கார் ஓட்டிச் சென்றதையும், வழியில் சிற்றூர் சிற்றூராகத் தங்கியதையும், திராட்சைத் தோட்டங்களில் நுழைந்து, அந்தந்தத் தோட்டத்து மதுவை அந்தந்தத் தோட்டத்து நிழலிலேயே உட்கார்ந்து சுவைத்ததையும் வெகு உற்சாகமாக வர்ணித்துவிட்டு, "நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒரு ரோடு இருக்கா மாமா?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதைப் புலவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"இருக்கிறது. எந்த வழியாகப் போவது, எங்கே தங்குவது, என்ன உண்பது, என்ன குடிப்பது என்பது வரைக்கும் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ரெண்டாயிரம் வருஷமாகிறது. படித்துப் பார்த்துக்கொண்டு போகத்தான் ஆளில்லை."

அவர் சொன்னது பத்துப்பாட்டை. 1889-இல் உ. வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளிலிருந்து மீட்டு அச்சேற்றிய அந்தத் தொகையில் பத்துப் பாட்டுக்களில் ஐந்து ஆற்றுப்படைகள். ஆறு என்றால் வழி. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே பசியோடு வரும் கலைஞனை நிறுத்தி, இன்ன வழியாகப் போ, இன்ன இடத்தில் ஜாக்கிரதையாக இரு, இன்ன ஊரில் இன்னது கிடைக்கும் என்று வழிப்படுத்துவது அந்த இலக்கியத்தின் சம்பிரதாயம். அவ்வைந்தில் இரண்டு எங்கள் பக்கத்து நிலத்தைப் பாடுபவை. மலைபடுகடாம், திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுவது. சிறுபாணாற்றுப்படை, கிழக்கே திண்டிவனத்தையும் கடற்கரையையும் ஆண்ட ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடுவது. ஒன்று மலைவழி, மற்றொன்று கடல்வழி. இரண்டையும் முனையோடு முனை சேர்த்து முடிந்தால், செங்கத்திலிருந்து அண்ணாமலையைத் தொட்டுக்கொண்டு வங்கக் கடல் வரைக்கும் ஒரே பாதையாக நீள்கிறது.

"பாண்டிக்கு ரெண்டரை மணி நேரம் சார். அதுக்கு எதுக்கு மூணு நாள்?" என்று காரோட்டி கேட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான தூரத்துக்கு மூன்று நாள் என்றால் அவர் அப்படித்தானே கேட்பார்? அவருடைய கேள்விக்கு விடையாகத்தான் இதை எழுதுகிறேன்.

நன்னன் நாடு

முறைப்படி பார்த்தால் எங்கள் பிரயாணம் முந்தின நாளே மேற்கே தொடங்கிவிட்டது. ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கத்தைத் தழுவிக்கொண்டு, வருஷத்தின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் செய்யாற்றங்கரையில் நின்றுகொண்டு, மலைபடுகடாத்தில் சேயாறு என்று பேசப்படுவது இதுதான் என்று புலவர் காட்டினார். அந்தப் பாட்டின் நவிரமலை இன்று பருவதமலை என்ற பெயரோடு வடக்கே நீலமாய் நிற்கிறது. அதன் உச்சியில் நஞ்சுண்ட கடவுள் இருப்பதாகப் பாட்டு சொல்ல, இன்றும் அங்கே சிவபெருமானைத் தரிசிக்க ஜனங்கள் இரவோடு இரவாக ஏறுகிறார்கள்.

பெருங்கௌசிகனார் என்ற புலவர் 583 அடிகளில் பாடிய இந்நூலை, நவீன காலத்துப் பிரயாண வழிகாட்டி நூல்களைப் படித்துப் பழகியவர்கள் ஒரு முறை புரட்டிப் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள். காட்டுப் பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு, ஆகையால் இருட்டில் நடவாதே. தினைப்புனம் காப்பவர்கள் யானையை ஓட்டக் கவண்கல் எறிவார்கள், ஆகையால் மரங்களில் மறைந்து மறைந்து போ. பாறை வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள். பாம்புள்ள இடத்தை அறிந்து விலகு. இவ்வாறு எச்சரிக்கைகள் ஒருபுறம். வழியோரத்து ஊர்களில் கிடைக்கும் ஆகாரம் மறுபுறம்: நெய்யில் வெந்த இறைச்சியோடு தினைச்சோறு, மூங்கிலரிசியும் அவரையும் கலந்து புளி கரைத்துக் காய்ச்சிய கூழ், இவற்றோடு மூங்கிற் குழாயில் ஊற்றி முற்றவிட்ட தேன்கள்ளின் தெளிவு. மேல்நாட்டார் ஓக் மரத் தொட்டியில் மதுவை முதிரவைப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஜவ்வாது மலையடிவாரத்துக் குறவர்களுக்கு மூங்கிலே தொட்டி.

பாதை பிரியுமிடங்களில் போரில் இறந்த வீரர்களின் பெயரெழுதிய நடுகற்கள் இருக்கும் என்றும் பாட்டு சொல்கிறது. அது வெறும் அலங்கார வர்ணனை அன்று. பிற்காலத்தில், பல்லவர் காலந்தொட்டு நட்ட நடுகற்கள் செங்கம் வட்டாரத்து வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் ஏராளமாய்க் கண்டெடுக்கப்பட்டு, தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலாகவே வெளியிட்டது. மாடு மீட்கச் சென்று மாண்ட ஒரு வீரனைப் புளியமரத்தடியில் பார்த்தோம். கையில் வில்லோடும் காலருகே கிண்ணத்தோடும் அவன் நிற்கிறான்; நெற்றியில் யாரோ அன்று காலை வைத்த குங்குமம் இன்னும் ஈரமாயிருந்தது.

நூலில் என் மனத்தைத் தைத்த இடம் வேறொன்று. அறியாத கவர்வழிகள் வரும்போது, நீங்கள் சென்ற வழியைச் சுத்தம் செய்து, பின்னால் வருகிறவர்கள் தெரிந்துகொள்ளும்படி அங்கே புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்று பாட்டில் வழி சொல்லும் கூத்தன் சொல்கிறான். தனக்கு வழி கிடைத்தால் போதுமென்று போகிறவன் அல்லன் அவன். முகம் தெரியாத ஒருவனுக்காகக் குனிந்து ஒரு முடிச்சுப் போடச் சொல்கிறவன்.

செஞ்சியின் பாறைகள்

கீழ்பென்னாத்தூரைக் கடக்கும்போது வெயில் ஏறத் தொடங்கியது. வழிநெடுக நிலக்கடலை. எங்கள் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதன் மருஉ. பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைநகரம் எங்கள் கிராமத்துக் களத்துமேட்டில் நாள்தோறும் உச்சரிக்கப்படுகிறது என்பதை உச்சரிப்பவர் எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சாலையோரத்தில் ஒரு மூதாட்டி அவித்த மல்லாட்டையைக் கூறு கட்டி வைத்திருந்தாள். மூன்று கூறு வாங்கினோம்; நான்காவது கூறை, "கொசுறு சாமி" என்று அவளே மடியில் கொட்டினாள்.

நாற்பதாவது கிலோமீட்டரில் செஞ்சி. பூமியின் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவந்தது போல் குன்று குன்றாய்க் கிடக்கும் கரும்பாறைகளுக்கிடையே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் ஒரே மதிலால் வளைத்துக் கட்டிய இந்தக் கோட்டையை, 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். அவருடைய குமாரர் ராஜாராமை இதற்குள்ளே வைத்து, ஔரங்கசீப்பின் சேனை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் பிடித்தார்கள். 2025-ஆம் ஆண்டு, மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, அப்பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்தது செஞ்சி ஒன்றுதான்.

இத்தனை பெரிய ராஜ்ஜியங்கள் வந்து போயும், ஜனங்களின் நாவில் நிலைத்தவன் தேசிங்குராஜன் ஒருவனே. சில மாத காலமே ஆண்டு, 1714-இல் ஆர்க்காட்டு நவாபோடு பொருது மாண்ட அந்த இளைஞனுடைய கதையை, தெருக்கூத்தாகவும் கதைப்பாட்டாகவும் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அவனோடு உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக நவாப் ஏற்படுத்திய ஊரே ராணிப்பேட்டை என்பர். வென்றவன் தோற்றவனுடைய மனைவிக்கு ஓர் ஊரைச் சமர்ப்பித்தான் என்பதும், தேசிங்கின் உயிர்த்தோழன் மகமத்கான் தன் கல்யாணத்தை நிறுத்திவிட்டுப் போருக்கு வந்து உயிர்விட்டான் என்பதும் இந்த நிலத்து ஜனங்களுக்கு மறக்கக்கூடாத விஷயங்களாகத் தோன்றியிருக்கின்றன. யார் எந்த வருஷம் கோட்டையைப் பிடித்தான் என்பது அப்படித் தோன்றவில்லை.

சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியில் பாதி ஏறியதும் புலவருடைய முழங்கால் மறுத்துவிட்டது. அங்கேயே ஒரு பாறை நிழலில் அமர்ந்து மல்லாட்டையைத் தின்று தீர்த்தோம். மேற்கே அண்ணாமலையின் முக்கோணம் புகைபோல் தெரிந்தது.

புளியங்காட்டு ராஜதானி

அன்றிரவு திண்டிவனம். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. திந்திரிணி வனம் திண்டிவனமாயிற்று. சென்னையிலிருந்து தெற்கே செல்கிற எவரும் இந்தப் பெயரை அறிவர். பஸ் நிலையத்தையும் மேம்பாலத்தையும் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டார்கள். நல்லியக்கோடனுடைய தலைநகரமாகிய கிடங்கில் இந்த ஊரின் ஒரு பகுதி என்று சொன்னால் ஊர்க்காரரே நம்புவதில்லை. கிடங்கு என்றால் அகழி. பெயரில் மாத்திரம் அகழி எஞ்சியிருக்கிறது.

நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளே கொண்ட சிறு நூல். அதில் பாணனுடைய வறுமையைக் காட்டும் இடம் ஒன்றுண்டு. இடிந்த அடுக்களையில், குட்டி போட்ட நாய் பசியால் குரைத்துக்கொண்டிருக்க, பாணனுடைய மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைத்து, அண்டை அயலார் பார்த்துவிடப் போகிறார்களே என்று வெட்கி வாசற்கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு பகிர்ந்துண்கிறாள். அந்தக் கதவடைப்பைப் படித்துவிட்டுத் தூங்காதவர்கள் உண்டு. அதே பாணன் நல்லியக்கோடனிடம் வந்ததும், அரசன் பொற்கலத்தில் உணவிட்டு, அருகே தானே நின்றுகொண்டு உபசரித்து ஊட்டுகிறான். கதவடைத்துத் தின்ற கீரைக்கும் அரசன் நின்று பரிமாறிய விருந்துக்கும் நடுவே உள்ள தூரந்தான் அந்நூலின் பாதை.

அப்பாதையில் பாணன் தாண்டிவரும் ஊர்கள் மூன்று. கடற்கரையில் எயிற்பட்டினம், அங்கே சுட்ட குழல்மீனும் பழங்கள்ளும். பிறகு வேலூர், அங்கே இனிய புளி சேர்த்த சூடான சோறும் ஆமான் இறைச்சியும். பிறகு ஆமூர், அங்கே குத்திய அரிசிச்சோறும் நண்டுக் கறியும். புளியங்காட்டு நாட்டுக்காரர்கள் புளிச்சோறு போட்டதில் அதிசயமில்லை. நாங்கள் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு சிறிய மெஸ்ஸில் சாப்பிட்டோம். நண்டு இல்லை, புளிக்குழம்பு இருந்தது. பரிமாறியவர் மூன்றாம் முறை சோறு போட வந்தபோது புலவர் இலையின்மேல் கையை விரித்து மறுக்க வேண்டியதாயிற்று.

பாணன் கடலிலிருந்து கிடங்கிலுக்கு வந்தான். நாங்கள் கிடங்கிலிலிருந்து கடலுக்குப் போகிறோம். ஆகையால் மறுநாள் முழுவதும் நூலைத் தலைகீழாகப் படித்தோம் என்று சொல்ல வேண்டும்.

உப்பின் ருசி

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில், செம்மண் வெளுத்து, வேலிக்கருவேல் குட்டையாகி, பனைகள் அடர்ந்து வரும்போது கடல் அருகிலிருக்கிறது என்பதைக் காற்றே சொல்லிவிடும். மரக்காணந்தான் பழைய எயிற்பட்டினம் என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. இன்று அது உப்பளங்களின் ஊர். உவர்நீரைப் பாத்தி பாத்தியாகத் தேக்கி, வெயில் காய்ந்து நீர் வற்ற வற்ற, அடியில் படியும் உப்பைப் பலகை கட்டிய கோலால் வரப்போரம் இழுத்துக் குவித்து, மழைக்கு முன் பனையோலையால் வேய்ந்து வைப்பார்கள். பங்குனி வெயிலில் அந்த வெண்குவியல்களைப் பார்க்கக் கண் கூசுகிறது. முட்டி வரைக்கும் உப்புநீரில் நின்று உழைப்பவர்களின் பாதங்களைப் பார்க்க மனம் கூசுகிறது.

இங்கேதான் வழி தவறினோம். கைப்பேசி வரைபடம் காட்டிய குறுக்குப் பாதையை நம்பிக் காரோட்டி திரும்பினார்; பாதை ஓர் உப்பளத்து வரப்பில் போய் முடிந்தது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் திரும்ப முடியாமல் நின்ற வண்டியைப் பார்த்து, தலையில் துணி சுற்றிய ஒரு வயதான அம்மாள் கோலை வைத்துவிட்டு வந்தாள்.

"எங்க போவணும் சாமி?"

"பாண்டி ரோட்டுக்கும்மா."

"இது அளத்துக்குப் போற வழியாச்சே. அப்படியே பின்னாலயே போயி, ஒத்தப் பன நிக்குதில்ல, அதுக்குச் சோத்தாங்கைப் பக்கமா திரும்புங்க. மேட்டுல ஏறினா ரோடு தெரியும்." சொல்லி முடித்தவள் எங்கள் மூவருடைய முகத்தையும் பார்த்தாள். "வெயில்ல கெறங்கிப் போயிருக்கீங்களே, ஒரு வாய் கூழு குடிச்சிட்டுப் போங்க."

வரப்போரத்துக் கொட்டகை நிழலில் அவள் தூக்குவாளியைத் திறந்து, கேழ்வரகுக் கூழை மோர் விட்டுக் கரைத்து ஊற்றிக் கொடுத்தாள். தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாய். உப்புப் போதாது என்று தோன்றினால் காலடியில் வேண்டிய மட்டும் கிடக்கிறது. பணம் நீட்டியபோது, "கூழுக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா?" என்று சிரித்துவிட்டாள். திரும்பி வரும்போது புலவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வழியும் சொல்லி, சோறும் போட்டு... ஆற்றுப்படைக்கு இலக்கணம் இதுதானே ஐயா" என்றார்.

சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினத்திலும் இப்படியே நடக்கிறது. கடல் அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகிற்கட்டைகள், ஒட்டகங்கள் படுத்துறங்குவது போல் கரையில் கிடக்கின்றனவாம். அந்த வாசனை விறகை எரித்து, நுளையர் மகள் தெளித்தெடுத்த பழங்கள்ளைப் பரதவர்கள் பாணனுக்கு ஊட்டி, உலர்ந்த குழல்மீனைச் சுட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டில் உப்பில்லாத கீரை தின்ற பாணனுக்கு முதல் விருந்து உப்பு விளையும் கரையில் கிடைக்கிறது என்பதைப் பாடியவர் எண்ணித்தான் அமைத்தாரோ, தற்செயலாகவே அமைந்ததோ, எப்படியாயினும் அளத்து வரப்பில் நின்று அதை நினைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற பழமொழி பிறப்பதற்குத் தகுந்த இடம் இது.

கள்ளைப் பற்றியும் சொல்லித்தானே ஆகவேண்டும். பனையும் தென்னையுமே இந்தக் கரையின் திராட்சைத் தோட்டம். ஒரே பாளையில் இறங்கும் நீர், கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் பொங்கிக் கள்ளு. ராஜாஜி 1937-இல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. இடையில் தளர்ந்தும் இறுகியும் பல மாறுதல்களுக்கு உள்ளாகி, 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை நிலைத்திருக்கிறது. சீமைச் சாராய வகைகளைச் சர்க்காரே கடை வைத்து விற்கும் நாட்டில், ஏறி இறக்கிய கலயத்துக்கு மாத்திரம் ஏன் தடை என்று பனையேறிகள் கேட்கிறார்கள். எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குள் நுழைந்தால் அதே கள்ளுக்கு ஏலம் போட்டு உரிமம் கொடுக்கிறார்கள். நாங்கள் மூவரும் மதுவைத் தொடாதவர்கள். ஆகையால் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கில்லை. சாலையோரத்தில் பனையோலைப் பட்டை மடித்து ஒருவர் ஊற்றிய பதநீரை ஆளுக்கு இரண்டு பட்டை குடித்தோம். ஓலையின் பச்சை வாசனையும் சுண்ணாம்பின் லேசான காரமும் கலந்த அந்த ருசிக்கு நிகரான பானத்தை என் தங்கை மகன் எந்தத் தோட்டத்தில் குடித்திருந்தாலும் நான் நம்பத் தயாராயில்லை.

மரக்காணத்துக்குத் தெற்கே கழுவேலி. கடலின் உப்புநீரும் ஏரிகளின் நன்னீரும் சந்திக்கிற இந்த அகன்ற சதுப்பு நிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வலசை வந்த பறவைகளில் பெரும்பகுதி வடக்கே திரும்பிவிட்டிருக்க, பிரயாணத்தை எங்களைப் போலவே நிதானமாகச் செய்யும் சில பறவைகள் மட்டும் சேற்றில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தன.

யவன ஜாடி

புதுச்சேரியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 1674-இல் பிரான்ஸுவா மர்த்தேன் நிலைநாட்டிய பிரெஞ்சுக் குடியேற்றம், 1954-இல் நடைமுறையிலும் 1962-இல் சட்டப்படியும் பாரத தேசத்தோடு சேர்ந்தது. நேர் நேரான வீதிகளும், மஞ்சள் பூசிய மாளிகைகளும், மாலைக் கடற்கரை உலாவும் சினிமாக்காரர்களாலேயே போதுமானபடி பிரசித்தம் செய்யப்பட்டுவிட்டன. எனக்கு அந்த ஊர்மேல் பக்தி உண்டாவதற்குக் காரணம் வேறு: துரத்தப்பட்டு வந்தவனை அது கதவடைத்து அனுப்பவில்லை. 1908 முதல் 1918 வரை பாரதியார் இருந்தது அங்கே. 1910-இல் அரவிந்தர் வந்து இறங்கியதும் அங்கே.

ஆனால் எங்கள் பாதையின் முடிவு புதுச்சேரி அன்று. அதற்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கப் போகிற இடத்தில், தென்னையும் மாவும் அடர்ந்த ஒரு மேடு. அரிக்கமேடு. 1944-இல் இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை மியூசியத்தின் அலமாரி ஒன்றில் மண்ஜாடித் துண்டொன்றைக் கண்டார். மத்தியதரைக் கடல் நாட்டு மதுஜாடி என்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று விசாரித்து, பிரெஞ்சு எல்லைக்குள்ளிருந்த இந்த மேட்டுக்கு வந்து, 1945-இல் தோண்டினார். அவருக்கு முன்பே பிரெஞ்சுப் பேராசிரியர் ஜூவோ துப்ராய் இந்த இடத்தின் பெருமையை எடுத்துச் சொல்லியிருந்தார். பிறகு கஸால் என்ற பிரெஞ்சுக்காரரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் ஆராய்ந்தார்கள். இத்தாலியிலிருந்து வந்த செம்மட்கலங்களும், மணி செய்த கூடங்களின் எச்சங்களும், இரு கைப்பிடியும் கூரிய அடியும் கொண்ட ஆம்போரா ஜாடிகளின் சில்லுகளும் கிடைத்தன. கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற நூல் இக்கரையில் குறிப்பிடும் பொதுகே என்ற துறைமுகம் இதுவே என்பது பெரும்பாலோர் துணிபு.

ஜாடிச் சில்லுகளில் பெரும்பகுதி ஈஜியன் கடலிலுள்ள கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவை என்று கண்டிருக்கிறார்கள். கோஸ் தீவு மதுவுக்கு ஒரு விசேஷம் உண்டு: அதில் கடல்நீர் கலப்பார்கள். தூரப் பிரயாணத்தில் கெடாமலிருக்கவும் ருசிக்காகவும் சேர்த்த அந்த உப்போடுதான், உட்புறம் மரப்பிசின் பூசிய ஜாடிகளில், பருவக்காற்றின் முதுகிலேறி, திராட்சைத் தோட்டங்களின் நாட்டிலிருந்து பனந்தோட்டங்களின் நாட்டுக்கு மது வந்தது. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி மகளிர் கொடுக்க உண்டு மகிழ்வாயாக என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் புறநானூற்றுப் பாட்டைப் புலவர் அந்த மேட்டில் நின்று எங்களுக்குப் பொருள் சொன்னார். அரண்மனைக்கு அந்த மது. பரதவர் குடிசைக்குப் பனங்கள். குறவர் குடிக்கு மூங்கிற்குழாய்த் தேன்கள். மூன்றும் ஒருவர் கையால் மற்றொருவருக்குக் கொடுக்கப்பட்டன என்பதுதான் மூன்று பாட்டுக்களுக்கும் பொதுவான செய்தி.

இன்று அரிக்கமேட்டில் பார்க்க அதிகம் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய குருமடத்தின் செங்கற்சுவர் ஒன்று வேரோடிக் கிடக்கிறது. வீலர் தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டன. கண்டெடுத்தவற்றைக் காண விரும்புகிறவர் புதுச்சேரி மியூசியத்துக்குப் போகவேண்டும். மண்ணில் கால் வைத்த இடமெல்லாம் ஓட்டாஞ்சில்லு தட்டுப்படுகிறது; எதையும் எடுக்கலாகாது என்பது சட்டம். குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தேன். எதிர்க்கரையில் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். ஆறு அசையாதது போல் அசைந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில்

ஊர் திரும்ப நேர்வழியாகவே வந்தோம். காரோட்டி சொன்னபடி இரண்டரை மணி நேரந்தான் ஆயிற்று. அந்த இரண்டரை மணி நேரத்தில் கண்ட எதுவும் எனக்கு ஞாபகமில்லை. செஞ்சியைத் தாண்டி அண்ணாமலை கண்ணில் பட்டபோது காரோட்டி தாமாகவே சொன்னார்: "அடுத்த வாட்டி எங்க வீட்டுல இருக்கறவங்களையும் கூட்டிக்கிட்டு, நீங்க போன மாதிரியே போவணும் சார். அந்த அளத்து அம்மா வூடு எங்கன்னு கேக்காம வந்துட்டோமே."

திருவண்ணாமலைக்கு வருகிற அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கிரிவலம் முடிந்த கையோடு பஸ் ஏறி ஓடிவிடாமல், வசதியுள்ளவர்கள் மூன்று நாள் ஒதுக்கிக்கொண்டு கிழக்கே இறங்கிப் பாருங்கள். செங்கத்து நடுகல்லையும் செஞ்சிப் பாறையையும் பார்த்துவிட்டு, திண்டிவனத்தில் ஓர் இரவு தங்கி, மரக்காணத்து உப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, அரிக்கமேட்டில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்திருங்கள். மாசி, பங்குனி நல்ல பருவம். பதநீர் இறங்கும், உப்பு விளையும். கழுவேலிப் பறவைகளைக் காண விரும்புகிறவர்கள் மார்கழி, தையிலேயே போவது நல்லது. மரக்காணத்தில் குறுக்கு வழியை நம்பாதீர்கள்; ஒற்றைப் பனைக்கு வலக்கைப் பக்கம் திரும்பி மேட்டில் ஏறினால் சாலை தெரியும்.